கை மெலிவும் மின் சோதனையும்

சித்தூர், திருப்பதி வட்டாரங்களில் கை மெலிந்தவரைக் காணும் களப் பணியாளர் முதலில் தொழுநோயை ஐயுறுவது இயல்பே. ஆயினும் இயக்க நரம்பணு நோயிலும் கை மெலிவதுண்டு. முன்னதில் தோலுணர்ச்சி குன்றும். பின்னதில் பொதுவாகக் குன்றுவதில்லை.

மின் சோதனை இவ்வேற்றுமையைத் தெளிவாக்குகிறது. நரம்பில் சிறு மின் துடிப்பைச் செலுத்தி அதன் வேகமும் அளவும் கணிக்கப்படுகின்றன. தசையில் நுண்ணிய ஊசியைச் செருகி மின்னலைகள் பதிவு செய்யப்படுகின்றன. இயக்க நரம்பணு நோயில் உணர்ச்சி நரம்புகள் பெரும்பாலும் இயல்பாக இருக்க, ஓய்விலுள்ள தசையோ தானே எழும் அலைகளைக் காட்டும்.

இளம் வயதினரைத் தாக்கி, செவிப்புலனையும் கெடுத்து, மெதுவாக வளரும் வகையொன்றைச் சென்னை மருத்துவர்கள் மீனாட்சிசுந்தரம், ஜகந்நாதன், ராமமூர்த்தி ஆகியோர் 1970-இல் விவரித்தனர். அது ஆந்திரத்திலும் காணப்பட்டுள்ளது. ஆகவே, மாணவனின் கை மெலிவையும் காது மந்தத்தையும் ஆசிரியர் கவனக்குறைவெனத் தள்ளலாகாது.

முற்றிலும் தீர்க்கும் மருந்தில்லாத நோய்க்குச் சோதனை எதற்கு என்பர் சிலர். இவ்வாதம் பொருந்தாது. தொழுநோய் மட்டுமன்றி, மருந்தால் தணியும் வேறு சில நரம்பு நோய்களும் இதனைப் போலவே தோன்றும். அவற்றை இனங்காணாது விட்டால் காக்கக்கூடிய கையும் கெடும். ஊசியின் பதிவு மட்டுமே தீர்ப்பாகாது; மருத்துவரின் நேர்ப் பரிசோதனையும் வேண்டும். நோயின் பெயரைச் சூட்டுமுன் நோயாளியை நரம்பியல் துறையுள்ள மருத்துவமனைக்கு அனுப்புவதே களப் பணியாளரின் கடமையாகும்.