குழந்தைக்குப் போர்வை: கணக்குப்படி நஷ்டம், ஆனாலும் நீங்களே செய்யுங்க



ஞாயிறு ராத்திரி மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் இவங்களைப் பார்க்கலாம். குழந்தையை ஊரில் பாட்டி கையில் கொடுத்துவிட்டு, சென்னைக்கும் பெங்களூருக்கும் வேலைக்குத் திரும்பும் இளம் பெற்றோர். பஸ் கிளம்பியதும் மனசு கேட்காது. கை போனை எடுக்கும். 'பேபி பெட்டிங் செட், 4,800 ரூபாய், நோ காஸ்ட் இ.எம்.ஐ.' உடனே ஆர்டர்.

நோ காஸ்ட் என்றால் வட்டி இல்லை என்று அர்த்தம் இல்லை. வட்டிக்குச் சமமான தொகையை விலையில் தள்ளுபடி செய்வாங்க, அவ்வளவுதான். கார்டு பில்லில் அந்த வட்டி மீது 18% ஜி.எஸ்.டி. வரும். பெரும்பாலும் பிராசஸிங் கட்டணமும் சேரும்.

இதற்கு நான் சொல்லும் மாற்று, வீட்டில் இருக்கும் ஒரு பழைய காட்டன் சேலை. மதுரைக்காரங்க வீட்டில் சுங்குடிக்கா பஞ்சம்? 2005-ல் புவிசார் குறியீடு வாங்கிய சேலை அது. துணியில் சின்னச் சின்ன முடிச்சுகள் போட்டுச் சாயத்தில் முக்கித்தான் அந்தப் புள்ளிகளையே கொண்டு வருவாங்க. நாமும் முடிச்சுதான் போடப் போறோம்.

அஞ்சரை மீட்டர் சேலையை நாலாக வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குங்க. பஞ்சு தேவையில்லை. ஓரத்தை மடித்துத் தையுங்க. பிறகு நாலு அங்குலத்துக்கு ஒரு இடத்தில், கெட்டியான காட்டன் நூலை மேலிருந்து கீழே இறக்கி, மறுபடி மேலே எடுத்து, இரட்டை முடிச்சுப் போடுங்க. சுமார் 130 முடிச்சு வரும். நூல் முனையைக் குட்டையாக வெட்டணும், முடிச்சை இழுத்துப் பார்க்கணும். குழந்தை வாயில் வைக்கும். ஒரு வயசு ஆகும்வரை தூங்கும்போது போர்த்தக் கூடாது. நீங்க பக்கத்தில் இருக்கும்போது தரையில் விரிக்க மட்டும்தான்.

இப்ப கணக்குக்கு வருவோம். மாதம் 200 மணி நேரம் வேலை, 40,000 சம்பளம் என்றால் உங்க ஒரு மணி நேரம் 200 ரூபாய். போர்வைக்கு நாலு மணி நேரம், 800 ரூபாய். 500 ரூபாய்க்கே கடையில் போர்வை கிடைக்குது. அப்ப நஷ்டம்தானே?

ஆடிட்டராக நான் இந்தக் கணக்கை ஏத்துக்க மாட்டேன். ஞாயிறு மதியம் நாலு மணி நேரத்துக்கு உங்களுக்கு யாரும் சம்பளம் தரப்போறதில்லை. அந்த நேரத்தில் நீங்க எதை விடுறீங்களோ அதுதான் உண்மையான செலவு. பெரும்பாலும் அது போனில் ஷாப்பிங் ஆப்தான்.

ஒரு எச்சரிக்கை. இதற்காகத் தையல் மெஷின், புதுத் துணி, கிட் என்று வாங்க ஆரம்பித்தால் அதுவும் அதே செலவுதான். ஊசியும் நூலும் போதும்.

குழந்தைகூட இருக்க முடியலையே என்ற குற்ற உணர்ச்சி நியாயமானது. ஆனால் 4,800 ரூபாய் அதைத் தீர்க்காது, அடுத்த ஞாயிறும் அது வரும். ஆறு மாசத்துக்கு இ.எம்.ஐ.யும் வரும். அடுத்த தடவை ஊருக்கு வரும்போது குழந்தை பக்கத்தில் உட்கார்ந்து முடிச்சுப் போடுங்க. அந்த மாசம் மிச்சமாகும் தொகை குழந்தை பேரில் ஆர்.டி.க்குப் போகட்டும்.