வீடு மாறினால் வழி சொல்ல வேண்டும்

குடித்தனம் நடத்துவோருக்கு வீடு மாறுதல் புதிய விஷயமன்று. சட்டி பானைகளை வண்டியில் ஏற்றிப் புது வீட்டிற்குக் கொண்டுபோய், பால் காய்ச்சிக் குடித்துவிட்டால் காரியம் முடிந்ததென்று பலரும் எண்ணுகிறோம். ஆனால், பழைய விலாசத்துக்கு வரும் கடிதங்களின் கதி யாது? தபாற்காரரிடம் சொல்லி வைத்தோமா? தூரத்து உறவினருக்கு ஒரு வரி எழுதினோமா? இவற்றைச் செய்யாதவன் வீடு மாறியவனல்லன், காணாமற் போனவன்.

வீட்டுக்குப் பொருந்தும் இவ்வுண்மை கடைக்கு இன்னும் அதிகமாகப் பொருந்தும். முன்னாளில் கடைக்கு ஒரே வாசல்தான் இருந்தது. இன்றோ தொலைபேசி ஒரு வாசல். வாட்ஸ்அப் ஒரு வாசல். முகநூல் ஒரு வாசல். மின்னஞ்சல் ஒரு வாசல். வாடிக்கையாளர் எந்த வாசலில் வந்து தட்டுவாரென்று கடைக்காரருக்குத் தெரியாது. கடைக்காரர் உள்ளே என்ன மாற்றம் செய்கிறாரென்று வாடிக்கையாளருக்கும் தெரியாது. இவ்விரு அறியாமைகளுக்கும் நடுவே எத்தனையோ நல்ல வியாபாரங்கள் விழுந்து மடிகின்றன.

மன்னார் நகரின் ஓரத்தில், கடலை அணைத்துக் கிடக்கும் பள்ளிமுனையை எடுத்துக்கொள்வோம். புனித லூசியாவின் கோவிலும், 1477ஆம் ஆண்டில் நடப்பட்டதென்று சொல்லப்படும் பெரிய பெருக்க மரமும் அவ்வூரின் அடையாளங்கள். கடலே அங்குள்ளோரின் வயல். மீனும் நண்டும் கருவாடுமே அவர்களுடைய விளைச்சல். அவ்வூரில் கருவாடு பதப்படுத்தி விற்கும் மாதர் குழுவொன்று இருப்பதாகக் கற்பனை செய்துகொள்வோம். தொடக்கத்தில் ஒரு கைத்தொலைபேசி போதும். கொழும்பிலிருந்து ஒருவர் கட்டாக் கருவாடு கேட்பார்; லண்டனிலிருந்து ஒருவர் தம் தாயார் வீட்டுக்கு ஒரு பொதி அனுப்பச் சொல்வார். தொலைபேசியை வைத்திருக்கும் அம்மா பதில் எழுதிவிடுவார்.

வியாபாரம் பெருகியதும் சிக்கல் பிறக்கும். மூவர் பதில் எழுதத் தொடங்குவர். ஒரே கேள்விக்கு இருவர் இரண்டு விலை சொல்வர். இன்னொரு கேள்விக்கு, மற்றவர் எழுதியிருப்பாரென்று எண்ணி ஒருவருமே எழுதமாட்டார். இக்குறையைத் தீர்க்கவே வாடிக்கையாளர் உதவித் தளங்கள் என்னும் சேவைகள் தோன்றின. எல்லா வாசல்களிலும் வரும் செய்திகளை அவை ஒரே பெட்டியில் சேர்த்து வைக்கும். எதற்கு யார் பதில் சொன்னார், எது இன்னும் காத்திருக்கிறது என்பதையெல்லாம் குறித்து வைக்கும். மாதந்தோறும் அதற்கு வாடகை செலுத்த வேண்டும்.

வாடகை வீடென்றால் ஒரு நாள் வாடகை உயரும். 2010ஆம் ஆண்டில் நடந்த நிகழ்ச்சியொன்று இதற்கு நல்ல சான்று. டென்மார்க்கில் 2007இல் தோன்றிய ஸென்டெஸ்க் என்னும் உதவித் தளம், தன் கட்டணத்தை அவ்வாண்டில் ஒரேயடியாக உயர்த்தியது. வாடிக்கையாளர் பலர் கொதித்தெழுந்தனர். அந்தச் சலசலப்பைச் சென்னையில் இருந்தபடி வாசித்தவர் கிரீஷ் மாத்ருபூதம் என்னும் திருச்சிக்காரர். அமெரிக்காவிலிருந்து ஊர் திரும்பியபோது தம்முடைய தொலைக்காட்சிப் பெட்டி வழியில் உடைந்ததும், இழப்பீட்டுக்காக மாதக்கணக்கில் அலைந்ததும், முடிவில் பலர் கூடும் பொதுவிடத்தில் எழுதிய பின்னரே நியாயம் கிடைத்ததும் அவர் மனத்தில் முன்னமே பதிந்திருந்தன. வாடிக்கையாளரின் குரலைக் கேட்க மலிவும் எளிமையுமான ஒரு தளம் வேண்டுமென்று நண்பர் ஷான் கிருஷ்ணசாமியோடு சேர்ந்து அதே 2010இல் ஃப்ரெஷ்டெஸ்க்கைத் தொடங்கினார். பின்னர் ஃப்ரெஷ்வர்க்ஸ் என்று பெயர் மாறிய அக்கம்பனி, 2021 செப்டெம்பரில் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் இடம்பெற்றது.

தமிழர் ஒருவரின் வெற்றியென்று இக்கதையைப் பலர் பெருமையோடு சொல்வர். பெருமை நியாயமே. ஆயினும் நாம் கவனிக்க வேண்டிய பாடம் வேறொன்று. ஒரு தளத்தை விட்டு இன்னொரு தளத்துக்குப் போகும் உரிமையும் வசதியும் வாடிக்கையாளருக்கு இருந்தமையால்தான் புதியவர் ஒருவர் கடை திறக்க முடிந்தது. வெளியேற வழியில்லாத வீட்டில் வாடகை உயர்ந்தாலும் குடியிருப்பவர் வாய் திறக்க மாட்டார்.

மாறுவதை எப்படிச் செய்வது? நம் நாட்டிலேயே ஓர் உதாரணம் உண்டு. 1989இல் இலங்கையில் கைத்தொலைபேசிச் சேவையைத் தொடங்கிய செல்டெல், 2007இல் டிகோ ஆயிற்று. 2010இல் எட்டிசலாட் ஆயிற்று. 2018இல் ஹச் நிறுவனத்தின் கைக்கு வந்தது. பெயர்ப்பலகை இத்தனை முறை மாறியும், 072 என்று தொடங்கும் எண்ணை வைத்திருந்தவர் அதே எண்ணில் பேசிக்கொண்டிருந்தார். அழைத்தவருக்கு மாற்றம் தெரியவேயில்லை. நல்ல மாற்றத்தின் முதல் இலக்கணம் இதுவே: வெளியில் இருப்பவர் பிடித்திருக்கும் கயிறு அறுபடலாகாது.

ஆகவே, எண் யாருடைய பெயரில் இருக்கிறதென்பதை முதலிற் பார்க்க வேண்டும். சிறு வியாபாரிகள் பலர், 'எல்லாவற்றையும் நாங்களே செய்து தருகிறோம்' என்று வரும் இடைத்தரகரிடம் பொறுப்பை ஒப்படைத்துவிடுகின்றனர். எண்ணும் மின்னஞ்சல் விலாசமும் தரகரின் பெயரிலேயே பதிவாகிவிடுகின்றன. பிரிந்து செல்லும் நாளில்தான், தம் வீட்டுக் கதவின் திறப்பு அயலானிடம் இருக்கிறதென்பது புலனாகும். முகநூற் பக்கத்திலும் இதே ஆபத்து உண்டு. அதன் அதிகாரம் ஒரு தனியாளின் கணக்கோடு இணைந்திருக்கும். அவர் வேலையை விட்டுப் போனால் பக்கமும் கைநழுவும். குறைந்தது இருவரிடமாவது அவ்வதிகாரம் இருத்தல் நலம்.

அடுத்தது வாட்ஸ்அப். வியாபாரத்துக்கான வாட்ஸ்அப் எண்ணை ஒரு சேவைத் தளத்திலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டுசெல்ல, அதன் உரிமையாளரான மெட்டா கம்பனி இடமளிக்கிறது. எண் மாறாது, கடையின் பெயரும் நற்பெயர் மதிப்பீடும் உடன் வரும். முன்பே அங்கீகாரம் பெற்று நல்ல தரத்தில் உள்ள செய்தி மாதிரிகளும் கூடவே வரும். ஆனால் பழைய உரையாடல்கள் வாரா. மேலும், பழைய தளத்தில் இட்டிருக்கும் இரட்டைப் பூட்டைத் திறந்துவிடாமல் எண்ணை எடுக்க இயலாது. ஆதலால் பழையவரோடு சண்டையிட்டுப் பிரிவதற்கு முன், அப்பூட்டைத் திறக்கச் செய்துகொள்வதே புத்தி.

இதில் மறைந்திருக்கும் கண்ணி ஒன்றையும் சொல்ல வேண்டும். வாடிக்கையாளர் கடைசியாக எழுதியதிலிருந்து 24 மணி நேரத்துக்குள்தான் கடைக்காரர் தம் விருப்பம்போல் பதில் எழுதலாம். அந்நேரம் கடந்தால், அங்கீகாரம் பெற்ற மாதிரிச் செய்தியை மட்டுமே அனுப்பலாம். சனிக்கிழமை மாலை தளம் மாற்றத் தொடங்கித் திங்கட்கிழமை காலையில் முடித்தால், ஞாயிறு விடியலில் 'என் பொதி வந்து சேரவில்லை' என்று எழுதிய ஒருவருக்கு நம்மால் மனம்விட்டுப் பதில் சொல்ல முடியாமற் போகும். அவருக்குத் தெரிவதெல்லாம், பணம் வாங்கியவர் பேசாதிருக்கிறார் என்பது மட்டுமே. நம் நாணயத்தின்மேல் அவர் ஐயங்கொண்டால் குறை அவருடையதன்று.

மின்னஞ்சல் சற்றே இரக்கமுள்ளது. பழைய பெட்டிக்கு வருவதைப் புதிய பெட்டிக்கும் பிரதி அனுப்பச் சொல்லிச் சில நாள் இரண்டையும் ஓட விடலாம். விலாசத்தின் வழிகாட்டிக் குறிப்பையே மாற்றுவதானால், உலகெங்கும் உள்ள கணினிகள் பழைய குறிப்பைச் சிறிது நேரம் நினைவில் வைத்திருக்கும் என்பதை மறக்கலாகாது. அதுவரை கடிதங்கள் இரு இடத்துக்கும் பிரிந்து போகும். பழைய பெட்டியை அன்றே மூடிவிடுவது அவசரக்காரர் செய்யும் தவறு. தானாகப் பதில் எழுதும் ஏற்பாட்டையும் ஒரு பக்கம் நிறுத்திவைக்க வேண்டும். இல்லையேல் வாடிக்கையாளருக்கு இரட்டைப் பதில் போகும். இரண்டு இயந்திரங்கள் ஒன்றுக்கொன்று பதில் எழுதிக்கொண்டே இருக்கும் வேடிக்கையும் நேரும்.

ஆகவே வரிசை இதுவாக இருக்கட்டும். முதலில் வாசல்கள் எத்தனையென்று எண்ணி எழுதுக. பழைய பொதிச் சீட்டில் அச்சிட்ட 023 எண் ஒன்றையும் விட்டுவிடலாகாது. எவரேனும் அதைத்தான் சுழற்றுவார். இரண்டாவதாக, ஆட்கள் குறைவாக வரும் வாசலை முதலில் மாற்றிப் பழகுக. மூன்றாவதாக, முடியாதிருக்கும் உரையாடல்களைப் பழைய தளத்திலேயே முடித்து வைக்குக. முடியாதவற்றை ஒரு கொப்பியில் பெயரோடு எழுதிக் கையோடு கொண்டுசெல்க. நான்காவதாக, புதிய இடத்தில் ஒவ்வொரு வாசலுக்கும் நாமே ஒரு செய்தி அனுப்பி, அது எவரிடம் வந்து சேர்கிறதென்று பார்க்குக. ஐந்தாவதாக, நாளை ஆராய்ந்து தெரிக. ஆகஸ்ட் 15இல் மடுத் திருவிழாவுக்கு ஊரே திரளும் வேளையிலோ, டிசெம்பர் 13இல் புனித லூசியாவின் திருநாளுக்கு வெளிநாட்டுப் பிள்ளைகள் பொதி கேட்கும் வேளையிலோ இவ்வேலையைத் தொடலாகாது.

பழைய உரையாடல்களை என்ன செய்வது? அவற்றில் விலாசங்கள் இருக்கும். வங்கிக் கணக்கு எண்கள் இருக்கும். 'அம்மாவுக்கு உப்புக் கூடாது, பார்த்து அனுப்புங்கள்' என்று ஒரு மகன் எழுதிய குடும்பச் செய்தியும் இருக்கும். தேவையானவற்றைப் பிரதியெடுத்துப் பத்திரப்படுத்தி, பழைய தளத்தில் எஞ்சியவற்றை அழித்துவிடச் சொல்லி எழுத்தில் உறுதி பெற வேண்டும். பிறருடைய தனிப்பட்ட விவரங்களைக் காக்க 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தை நம் பாராளுமன்றம் இயற்றியிருக்கிறது. சட்டம் இல்லாவிடினும், நம்பிச் சொன்னவரின் இரகசியத்தை வெறும் வீட்டில் விட்டுவிட்டு வருவது மனிதப் பண்பாகாது.

மன்னார்க் கரைக்கு வழி மாறுதலின் துன்பம் தெரியாததன்று. 1914 மார்ச் 1ஆந் திகதி தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பற் சேவை தொடங்கியது. 1964 டிசெம்பர் 22ஆந் திகதி இரவு வீசிய புயலில் தனுஷ்கோடி அழிந்தது. அதன் பின்னர் கப்பல் இராமேஸ்வரத்திலிருந்து வந்தது. துறை மாறினும் வழி மாறவில்லை. இக்கரையில் காத்திருந்தவர் தம் உறவினரை அதே தலைமன்னாரில்தான் எதிர்கொண்டார். 1980களில், போர்க்காலத்தில் அச்சேவை நின்றபோதோ மாற்று வழி எதுவுமின்றி இரு கரையும் ஒன்றையொன்று பார்த்தபடி நின்றன. மாற்றுதல் வேறு, மூடுதல் வேறு என்பதை இக்கரை மக்கள் அனுபவித்தே அறிந்திருக்கின்றனர்.

மூடுவதிலும் ஒரு முறை உண்டு. இந்தியாவில் 2013 ஜூலையில் தந்திச் சேவையை நிறுத்தியபோது, அதை முன்கூட்டியே அறிவித்தார்கள். கடைசி நாளில் மக்கள் கந்தோர்களில் வரிசையாக நின்று, நினைவுக்காக ஒரு தந்தி அனுப்பிச் சென்றார்கள். சொல்லிவிட்டுப் போனமையால் அந்தப் பிரிவிலும் ஒரு மரியாதை இருந்தது.

நம் மாதர் குழுவும் அவ்வாறே செய்யலாம். மாறுவதற்கு ஒரு வாரம் முன்னர், 'இன்ன நாளில் எங்கள் பதில் சற்றுத் தாமதமாகலாம். அவசரமென்றால் இந்த எண்ணுக்கு அழையுங்கள்' என்று இரண்டே வரியில் எல்லா வாசல்களிலும் எழுதி வைத்தால் போதும். அந்த எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு மனிதர் அமர்ந்திருக்க வேண்டும். எத்தனை நுட்பமான தளமாயினும், மாறும் நாளில் அதற்கு ஈடு அம்மனிதரே.

பெரிய கம்பனி ஆயிரம் செய்திகளை இழந்தாலும் அதன் கணக்கில் அது ஒரு புள்ளியாகத்தான் தெரியும். பள்ளிமுனையில் பதில் கிடைக்காமற் போகும் ஒரு செய்தியோ ஒரு வீட்டின் ஒரு நாள் அடுப்பு. மறுமுனையில், ஊர்ச் சுவைக்கு ஏங்கி எழுதிய ஒருவரின் ஏமாற்றம். வாடகை குறைந்த தளத்தைத் தேடுவது நியாயம். நல்ல வசதி உள்ள இடத்துக்கு மாறுவதும் நியாயம். நாம் இடம் மாறிய செய்தி அறியாமல் பழைய வாசலில் ஒருவர் நின்று தட்டிக்கொண்டிருப்பாராயின், அந்த மாற்றத்தில் மிச்சம் பிடித்த காசு இலாபமாகாது.