கார்ன்வால் வெறும் மாவட்டமா?

கார்ன்வால் என்றதும் நம் கல்விப்புலத்தில் ஒரு புன்முறுவல் எழுவதைப் பார்த்திருக்கிறேன். அண்மையில் ஒரு கருத்தரங்கிலும் எழுந்தது. அது இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையிலுள்ள ஒரு மாவட்டம். அதன் மொழியோ 1777இல் டாலி பென்ட்ரீத் என்ற மீன்காரப் பெண்மணியோடு மறைந்துவிட்டது. பிறகென்ன தேசிய இனம் என்று கேட்டார் ஒரு பேராசிரியர்.

முதலில் மொழி. 'கடைசிப் பேச்சாளர்' என்பவர் பெரும்பாலும் தேடிச் சென்ற அறிஞரின் படைப்பு. டாலியைக் கண்டு எழுதிப் புகழ்பெறச் செய்தவர் டெய்ன்ஸ் பாரிங்டன். அதே பாரிங்டனுக்கு வில்லியம் போடினார் என்ற மீனவர் 1776இல் கார்னிஷிலும் ஆங்கிலத்திலும் ஒரு கடிதம் எழுதினார். சிறுவனாக முதியவர்களோடு கடலுக்குச் சென்றபோது கற்ற மொழி அது என்றும், தம் ஊரில் இன்னும் நாலைந்து முதியோர் அதைப் பேசுவர் என்றும் அதில் குறிப்பிட்டார். அவர் இறந்தது 1789இல். ஆக 1777 ஒரு பெண்மணியின் மறைவு ஆண்டு, அவ்வளவே. 1904இல் ஹென்றி ஜென்னர் கையேடு வெளியிட்டதிலிருந்து மீட்டெடுக்கப்பட்டு வரும் இம்மொழியை, 2002இல் பிரிட்டிஷ் அரசே ஐரோப்பியச் சிறுபான்மை மொழிகள் சாசனத்தின்கீழ் ஏற்றது. 2014இல் கார்னிஷ் மக்களைத் தேசியச் சிறுபான்மையினராகவும் அறிவித்தது. இரண்டே ஆண்டுகளில் மொழிக்கான நிதியை நிறுத்தியது!

அடுத்து, 'வெறும் மாவட்டம்' என்ற வாதம். இதை முதலில் மறுத்தவர்கள் தேசியவாதிகள் அல்லர், அரச குடும்பத்தின் வழக்கறிஞர்கள். 1337இல் மூன்றாம் எட்வர்ட் தம் மகனுக்காக உருவாக்கியது கார்ன்வால் டச்சி என்னும் கோமகன் உடைமை. 1850களில் கடற்கரையும் அதன் அடியிலுள்ள கனிமமும் யாருக்கு என்று டச்சிக்கும் முடியரசுக்கும் பூசல் எழுந்தபோது, கார்ன்வாலின் அரசுரிமைகள் முழுவதும் கோமகனுக்கே உரியவை என்று டச்சித் தரப்பு வாதிட்டது. நடுவர் தீர்ப்பும் 1858ஆம் ஆண்டுச் சட்டமும் அலைவாய்க்கரையின் கனிமங்களை டச்சிக்கே தந்தன. இன்றும் உயிலும் வாரிசுமின்றி கார்ன்வாலில் இறப்பவரின் சொத்து அரசுக் கருவூலத்திற்குப் போவதில்லை, கோமகனிடம் போகிறது. வருவாய் என்றால் தனித்தன்மை சட்டம். மக்கள் கேட்டால் மட்டும் அது கற்பனையா?

இடைக்காலப் பட்டயங்களைக் காட்டித் தன்னாட்சி கோருவோரோடு எனக்கு உடன்பாடில்லை. வெள்ளீயச் சுரங்கத்தாரின் பாராளுமன்றம் கடைசியாகக் கூடியது 1753இல். அதை எழுப்பி உட்கார வைப்பதால் எதுவும் ஆகப்போவதில்லை. இன்று வாழ்வோரின் விருப்பமே எனக்குச் சான்று. 2021 கணக்கெடுப்புப் படிவத்தில் 'கார்னிஷ்' என்ற கட்டமே இல்லை. தாமே எழுதிச் சேர்க்க வேண்டியிருந்தது. அப்படியும் கார்ன்வாலில் ஏறத்தாழ ஏழில் ஒருவர் அதை எழுதினார். (பத்தாயிரத்துக்கும் குறைவானோர் பேசும் தாய்மொழிகளைப் 'பிற' என்று ஒதுக்கும் நம் கணக்கெடுப்பைப் பார்த்த நமக்குக் கட்டங்களின் அரசியல் புதிதன்று.)

2001இல் சுமார் 50,000 பேர் ஒப்பமிட்டுத் தனிச் சட்டமன்றம் கேட்டுப் பிரதமரிடம் விண்ணப்பம் அளித்தனர். வாக்கெடுப்பு நடத்தப்படவில்லை. ஆனால் அதே அரசு 2004இல் வடகிழக்கு இங்கிலாந்துக்கு ஒரு சட்டமன்றம் வேண்டுமா என்று வாக்கெடுப்பு நடத்தியது. ஐந்தில் நால்வர் வேண்டாம் என்றனர். கார்ன்வால் மக்களிடம் அக்கேள்வி இன்றுவரை வாக்குச்சீட்டில் வைக்கப்படவில்லை.