பெயர் மாறிவரும் மலிவுக் கார்கள்: எமது ஐயம் எதன்மீது இருக்க வேண்டும்?

அகதிகளாக வந்து பிரித்தானியாவிற் குடியேறிய எமது குடும்பங்களுக்குக் கார் என்பது ஆடம்பரப் பொருள் அன்று. பேருந்து ஓடாத அதிகாலையில் வேலைக்குச் செல்வதற்கும், சனிக்கிழமைகளிற் பிள்ளைகளைத் தமிழ்ப் பாடசாலைக்குக் கொண்டுசெல்வதற்கும், வயோதிபரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதற்கும் அது தேவைப்படுகின்றது. அதற்குரிய பணமோ சீட்டு எடுத்தும், மேலதிக நேரம் உழைத்தும், மாதத் தவணைக்குக் கையொப்பமிட்டும் திரட்டப்படுகின்றது. ஆகவே, விலை குறைந்த புதிய சிறிய கார் ஒன்று விற்பனைக்கு வரும்போதெல்லாம் எம்மவர் மத்தியில் இரண்டு பேச்சுக்கள் எழுகின்றன. "இது உண்மையில் எந்த நாட்டுக் கார்?" என்று ஒரு சாரார் முகஞ்சுளிக்கின்றனர். "பெரிய பெயர் போட்டிருக்கிறதே, பிறகென்ன பயம்?" என்று மறுசாரார் ஆறுதல் அடைகின்றனர். இவ்விரு பேச்சுக்களும் எம்மைத் தவறான வழியிலேயே இட்டுச் செல்கின்றன என்பது எமது கருத்தாகும்.

ஒரு நிறுவனம் தானே உருவாக்காத காரை இன்னொரு நாட்டின் தொழிற்சாலையிலிருந்து வாங்கித் தனது சின்னத்தைப் பொருத்தி விற்பது புதிய வழக்கமன்று. புதிய கார் ஒன்றை வரைந்து, சோதித்து, அச்சுக்கள் செய்து, உற்பத்திக்குக் கொண்டுவருவதற்குப் பல நூறு மில்லியன் பவுண்கள் வேண்டும். சிறிய கார் ஒன்றில் கிடைக்கும் இலாபமோ சொற்பம். எனவே பணமில்லாத நிறுவனம் குறுக்குவழி தேடுகின்றது. இக்குறுக்குவழி தன்னளவிற் குற்றமன்று. அதனால் மிச்சமாகும் பணம் வாங்குபவருக்கு விலைக்குறைப்பாகக் கிடைக்கின்றதா, அன்றிப் பெயருக்குரிய வாடகையாக விற்பவரிடமே தங்கிவிடுகின்றதா என்பதே கேள்வியாகும்.

இதற்குச் சிறந்த பாடமாக அமைவது சிற்றி றோவர் என்னும் காரின் வரலாறாகும். பேர்மிங்ஹாமின் லோங்பிறிட்ஜ் தொழிற்சாலையைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த றோவர் நிறுவனத்திடம் முன்னர் சொந்தமான சிறிய கார் ஒன்று இருந்தது. அந்த றோவர் 100 மொடல், 1997 இல் நடைபெற்ற யூரோ என்காப் மோதற் சோதனையில் ஒரேயொரு நட்சத்திரத்தைப் பெற்றது. அதன் பின்னர் அதன் உற்பத்தி நிறுத்தப்பட்டது. 2000 ஆம் ஆண்டில் ஜேர்மனியின் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் றோவரை வெறும் 10 பவுணுக்குக் கைமாற்றியது. புதிய உரிமையாளரிடம் புதிய சிறிய காரை உருவாக்கும் வசதி இருக்கவில்லை. இந்தியாவின் டாட்டா நிறுவனம் 1998 இல் அறிமுகப்படுத்திய இண்டிகா என்னும் காரை அவர்கள் நாடினர். பூனே நகரில் உருவான அக்கார், முகப்பிலும் முட்டுத்தாங்கியிலும் சில்லுத் தாங்கு வில்லுகளிலும் சில மாற்றங்களுடன், 2003 இன் இலையுதிர் காலத்தில் சிற்றி றோவர் என்ற பெயரிற் பிரித்தானியாவில் விற்பனைக்கு வந்தது. ஆரம்ப விலை 6,495 பவுண்.

அக்கார் ஓடாத கார் அன்று. அதன் 1.4 லீற்றர் இயந்திரம் சுறுசுறுப்பானது. உள்ளே இடவசதியும் போதியளவு இருந்தது. ஆனால் உட்புற வேலைப்பாடு மட்டமானது என்றும், கேட்கப்படும் விலை பொருளின் தரத்துக்கு மிக அதிகம் என்றும் வாகன விமர்சகர்கள் எழுதினர். பி.பி.சி.யின் 'ரொப் கியர்' நிகழ்ச்சிக்குச் சோதனைக்காகக் காரைக் கொடுக்க நிறுவனம் மறுத்தது. அதன் அறிவிப்பாளர்களுள் ஒருவரான ஜேம்ஸ் மே, வாங்க வந்தவரைப்போல் விற்பனை நிலையத்துக்குச் சென்று, மறைத்து வைத்த ஒளிப்படக் கருவியுடன் அதனை ஓட்டிப் பார்க்க வேண்டியதாயிற்று. விற்கும் பொருளைச் சோதிப்பவர் கையிற் கொடுக்கத் தயங்கும் வணிகரிடம் நாம் சற்று நின்று யோசிக்க வேண்டாமா?

அதே காலத்தில் நிகழ்ந்த மற்றொன்றையும் இங்கு ஒப்புநோக்க வேண்டும். இத்தாலியப் பெயர் தாங்கிய பியற் பண்டா என்னும் சிறிய கார் போலந்து நாட்டில் உற்பத்தி செய்யப்பட்டது. அதுவும் ஏறத்தாழ அதே விலைத் தரத்தில் விற்கப்பட்டது. அக்கார் 2004 ஆம் ஆண்டுக்கான ஐரோப்பாவின் சிறந்த கார் விருதைப் பெற்றது. வேற்று நாட்டில் உருவானமை அதற்கு எவ்விதக் குறையையும் ஏற்படுத்தவில்லை. ஆகவே சிற்றி றோவரின் தோல்விக்குப் பூனே நகரத் தொழிலாளரைக் குறைகூறுவது அநீதியாகும். இந்தியச் சந்தைக்கென அடக்கமான விலையில் வடிவமைக்கப்பட்ட பொருளுக்கு, பழம்பெரும் ஆங்கிலப் பெயரைச் சூட்டிப் போதிய திருத்தமின்றி விலையை உயர்த்தியவர்களே பிழை செய்தவர்கள்.

அதனிலும் பெரிய அடி பின்னர் வந்தது. 2005 ஏப்ரலில் றோவர் நிறுவனம் முற்றாக நொடிந்தது. லோங்பிறிட்ஜில் ஏறத்தாழ 6,000 தொழிலாளர்கள் வேலையிழந்தனர். நிறுவனத்தின் மேல்மட்டத்தில் இருந்த ஐவர் மட்டும் சம்பளமாகவும் ஓய்வூதியமாகவும் 42 மில்லியன் பவுண் பெற்றிருந்தனர் என்பதை 2009 இல் வெளியான அரச விசாரணை அறிக்கை வெளிப்படுத்தியது. காரை வாங்கியவர்களின் நிலை என்ன? உத்தரவாதம் கொடுத்த நிறுவனமே மறைந்தபின் உத்தரவாதக் கடிதத்தை யாரிடம் நீட்டுவது? இரண்டு வயதுகூட நிரம்பாத காரின் மறுவிற்பனை விலையை யார் காப்பாற்றுவது? பெயரை நம்பி வாங்கியவருக்கு அப்பெயர் கைகொடுக்கவில்லை.

வரலாறு இத்துடன் முடியவில்லை. 2008 இல் டாட்டா நிறுவனம் ஜாகுவார், லான்ட் றோவர் நிறுவனங்களை விலைக்கு வாங்கியபோது, றோவர் என்ற பெயரின் உரிமையும் அதனிடமே சேர்ந்தது. எந்தப் பெயரை ஒட்டியதால் இந்தியக் கார் கௌரவம் பெறும் என்று எண்ணினார்களோ, அந்தப் பெயரே இந்திய நிறுவனத்தின் சொத்தாயிற்று. 2018 இல் டாட்டாவின் நெக்ஸன் என்னும் கார் குளோபல் என்காப் சோதனையில் ஐந்து நட்சத்திரங்களைப் பெற்றது. பிறந்த நாட்டைக் கேட்டு மனிதரை எடைபோடுவோரை நாள்தோறும் சந்திக்கும் நாம், அதே அளவுகோலைப் பிறரின் உழைப்பின்மீது பிரயோகிப்பது பொருத்தமாகுமா?

எனினும் ஐயமே வேண்டாம் என்று நாம் கூறவில்லை. ஒரே பெயருக்குள்ளே வெவ்வேறு பொருள் அடங்கியிருக்கலாம் என்பதை மறத்தலாகாது. 2014 இல் குளோபல் என்காப் அமைப்பு இந்தியாவில் விற்கப்பட்ட ஐந்து சிறிய கார்களின் அடிப்படை வகைகளைச் சோதித்தது. காற்றுப்பை இல்லாத அவ்வைந்தும் ஒரு நட்சத்திரந்தானும் பெறவில்லை. அவற்றுள் ஜேர்மனியின் வொக்ஸ்வாகன் போலோவும் ஒன்று. முன் காற்றுப்பைகள் பொருத்திய போலோவைச் சோதித்தபோது நான்கு நட்சத்திரங்கள் கிடைத்தன. தொழிற்சாலையும் சின்னமும் ஒன்றே. உள்ளே வைத்ததும் வைக்காமல் விட்டதுமே வேறுபாடு.

இன்றும் இத்தகைய கார்கள் வந்துகொண்டே இருக்கின்றன. 2009 இல் சுசுக்கி அல்ரோவும் நிசான் பிக்சோவும் இந்தியாவின் மானேசரில் ஒரே தொழிற்சாலையில் இருந்து இரு பெயர்களில் ஐரோப்பாவுக்கு வந்தன. சென்னைக்கு அண்மையில் ஒரகடத்தில் உற்பத்தியாகும் ரெனோ குவிட் காரின் மின்சாரச் சகோதரம், சீனாவில் உருவாகி, டாசியா ஸ்பிறிங் என்ற ருமேனியப் பெயருடன் 2021 இல் ஐரோப்பியச் சந்தைக்கும் 2024 இற் பிரித்தானியாவுக்கும் வந்தது. 2021 இன் யூரோ என்காப் சோதனையில் அது ஒரு நட்சத்திரமே பெற்றது. விலை மலிவு என்பதும் உண்மை, நட்சத்திரம் ஒன்று என்பதும் உண்மை. இரண்டையும் அறிந்தபின் முடிவெடுப்பதே அறிவுடைமை.

எனவே எமது வாசகர்கள் கையொப்பமிடுமுன் நான்கு விடயங்களை விசாரித்தறிய வேண்டும் என வலியுறுத்துகின்றோம். முதலாவது, இக்கார் வேறு நாட்டில் வேறு பெயரில் விற்கப்பட்டதா, எந்த ஆண்டிலிருந்து என்பது. புதுப்பெயருக்குள் பழைய மொடல் இருக்கக்கூடும். இரண்டாவது, மோதற் சோதனையின் முடிவு என்ன, எந்த ஆண்டுக்குரியது, நாம் வாங்கும் வகைக்குப் பொருந்துமா என்பது. சோதனைகள் காலத்துக்குக் காலம் கடுமையாக்கப்படுவதால் பழைய நட்சத்திரத்தைப் புதியதுடன் ஒப்பிட முடியாது. மூன்றாவது, உதிரிப்பாகங்களை வழங்குவது யார், எமது ஊரின் கராச்சிற் கிடைக்குமா என்பது. நான்காவது, காப்புறுதிக் கட்டணமும் மூன்று வருடங்களின் பின்னான விலையும் எவ்வளவு என்பது.

சட்டத்தையும் அறிந்திருத்தல் நன்று. பிரித்தானியாவின் 2015 ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டத்தின்படி, விற்பனை நிலையத்தில் வாங்கிய கார் குறைபாடுடையதாயின் 30 நாட்களுக்குள் அதனைத் திருப்பிக்கொடுத்துப் பணத்தைக் கோரலாம். அப்பொறுப்பு விற்றவருடையது. "கொம்பனியிடம் போய்க் கேளுங்கள்" என்று அவர் கையை விரித்தால் அதனை ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. ஆங்கிலம் போதாது என்ற கூச்சத்தினால் வாய்மூடித் திரும்புவோர் எம்மிடையே பலர். பிள்ளைகளையோ நண்பர்களையோ உடன் அழைத்துச் சென்றாயினும் கேட்க வேண்டியதைக் கேட்டேயாக வேண்டும்.

மலிவான காரை வாங்குவதில் இழுக்கு எதுவுமில்லை. வெளிநாட்டில் உருவான காரை வாங்குவதிலும் இழுக்கில்லை. வியர்வை சிந்திச் சேர்த்த பணத்தைப் பெயருக்குக் கொடுத்துவிட்டு, பின்னாசனத்தில் இருக்கும் குழந்தையின் பாதுகாப்பைப் பற்றிக் கேளாமல் விடுவதே இழுக்காகும். முகப்பிலுள்ள சின்னத்தைப் பார்ப்பதற்கு முன்னர், கதவைத் திறந்து உள்ளே பார்ப்போமாக.