கோப்பையினும் பெரிது

வெற்றி பெற்றோரை மட்டுமே போற்றும் வழக்கம் நம் கல்விக்கூடங்களில் வேரூன்றியுள்ளது. அது போதாது என்பதே எம் கருத்து. அதற்குச் சான்று டென்னிஸ் வீரர் இராமநாதன் கிருஷ்ணன்.

தமிழகம் ஈன்ற இவர் 1954இல் விம்பிள்டன் இளையோர் பட்டத்தை வென்றார். ஆசியர் ஒருவர் அதனைப் பெற்றது அதுவே முதன்முறை. திருத்தணி தமிழகத்தோடு இணைந்த 1960ஆம் ஆண்டிலும், அடுத்த ஆண்டிலும் விம்பிள்டன் அரையிறுதியை எட்டினார். 1966இல் கல்கத்தாவில் பிரேசிலுக்கு எதிரான டேவிஸ் கோப்பைப் போட்டி 2-2 எனச் சமநிலையில் நின்றது. தாமஸ் கோச்சிடம் இரண்டு செட்களை இழந்து, நான்காம் செட்டிலும் 2-5 எனப் பின்தங்கிய கிருஷ்ணன் மீண்டெழுந்து வென்றார். இந்தியா முதன்முறையாக இறுதிச் சுற்றை அடைந்தது. அங்கே ஆஸ்திரேலியாவிடம் தோற்றது.

1974இல் அவர் களத்தில் ஆடாத தலைவராக விளங்க, அமிர்தராஜ் சகோதரர்களின் ஆற்றலால் அணி மீண்டும் இறுதியை எட்டியது. எதிரணி தென்னாப்பிரிக்கா. நிறவெறிக் கொள்கையைக் கண்டித்து இந்தியா ஆட மறுத்தது. கோப்பை ஆட்டமின்றியே எதிரணியைச் சேர்ந்தது.

வீரர்தம் உழைப்பை அரசியலுக்குப் பலியிடலாமா என வினவுவோர் உளர். அவர்தம் வருத்தம் நியாயமானதே; அக்கோப்பையை இந்தியா இன்றளவும் வென்றதில்லை. ஆயினும், மாந்தரை நிறத்தால் பிரித்த அரசின் அணியோடு ஆடிப் பெறும் வெள்ளிக் கிண்ணம் என்ன பெருமை தந்திருக்கும்?

திருத்தணி மலையின் 365 படிகள் ஆண்டின் நாள்களைக் குறிப்பன என்பர். நாளுக்கொரு படியென உழைத்து உயரும் மாணவர், எவ்விடத்தில் நின்றுவிட வேண்டும் என்பதையும் அறிதல் வேண்டும்.