மணலில் புதைந்த பந்து



ஓலைத்தொடுவாய்ப் பெண்களுக்கு மணலைப் பற்றிச் சொல்லித்தரத் தேவையில்லை. தண்ணீர்க் கான் கட்டிய சைக்கிளை மணல் ஒழுங்கையில் தள்ளியவர்களுக்குத் தெரியும், தள்ளத் தள்ளச் சில்லு புதையும். என் அம்மா அப்போது சில்லில் கொஞ்சம் காற்றைத் திறந்து விடுவார். சில்லு தட்டையாகி மணலின் மேல் உருளும்.

இந்த மாதம் இது நினைவுக்கு வரக் காரணம் ஒரு கோல்ப் தடி. சிரிக்க வேண்டாம். என் அக்காவின் மகன் கொழும்பில் ஒரு கோல்ப் மைதானத்தில் விளையாடுபவர்களின் தடிப்பையைச் சுமக்கும் வேலை செய்கிறான். நத்தாருக்கு வந்தபோது, யாரோ கழித்துவிட்ட பழைய தடியொன்றைக் கொண்டு வந்தான். பெயர் 'சாண்ட் வெட்ஜ்'. கோல்ப் மைதானங்களில் வேண்டுமென்றே மணற்குழிகள் அமைத்திருப்பார்கள். அதில் விழும் பந்தை வெளியே எடுக்கவென்று செய்த தடி இது.

கடற்கரையில் பந்தை வைத்துத் தடியை என்னிடம் தந்தான். நான் பந்தை மெதுவாகக் கிண்டி எடுக்கப் பார்த்தேன். அது இன்னும் புதைந்தது.

"எனக்கு இதெல்லாம் வராதடா" என்றேன்.

"பந்தைப் பார்க்காதீங்க சின்னம்மா. அதுக்கு இரண்டு அங்குலம் பின்னால மணலைப் பார்த்து அடிங்க. பயந்து பாதியில நிப்பாட்டாதீங்க."

கால்களை மணலில் சற்றுப் புதைத்து நின்று அடித்தேன். மணலோடு பந்தும் எழுந்து அப்பால் விழுந்தது. தடி பந்தைத் தொடவில்லை. மணல்தான் அதைத் தூக்கிப் போட்டது.

தடியைத் திருப்பிப் பார்த்தேன். அடிப்பாகம் அகலமாக, முன் விளிம்பை விடப் பின்பக்கம் தாழ்ந்து தடித்திருந்தது. மற்ற இரும்புத் தடிகளின் விளிம்பு மண்வெட்டி போல மணலுக்குள் இறங்கிவிடும். இது இறங்காமல் வழுக்கி மேலே வரும். முகம் ஏறத்தாழ 56 பாகை சாய்ந்திருப்பதால் பந்து உயர எழும். ஆனால் தண்ணீரோரத்து இறுகிய ஈர மணலில் இதே தடி துள்ளி, பந்தின் நடுவில் அடித்துவிடும். அங்கே அடி தடிக்காத தடிதான் உதவும்.

இந்தத் தடியைப் பிரபலமாக்கியவர் ஜீன் சரசன். இத்தாலியிலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறிய தச்சர் ஒருவரின் மகன். சிறுவயதில் அவரும் தடிப்பை சுமந்தவர்தான். 1922இல் அமெரிக்கப் பகிரங்கப் போட்டியை வென்ற பிறகும் மணலில் தடுமாறினார். விமானம் மேலெழும்போது அதன் வால் தாழ்வதைக் கண்டதும் யோசனை வந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். தன் தடியின் அடியில் ஈயத்தை உருக்கி ஒட்டி, தேய்த்து, அடித்துப் பார்த்தார். 1932இல் இங்கிலாந்தில் நடந்த பிரித்தானியப் பகிரங்கப் போட்டிக்கு அதைக் கொண்டுபோய் வென்றார். அவருக்கு முன்பும் மணலுக்கென்று தடிகள் இருந்தன. குழிந்த முகமுள்ள ஒன்று 1931இல் தடைசெய்யப்பட்டிருந்தது.

இத்தனை கெட்டிக்காரர், "என் கை சரியில்லை" என்று விட்டுவிடாமல் தடியையும் திருப்பிப் பார்த்திருக்கிறார். நாங்கள் அப்படிப் பார்க்கிறோமா?

மீளக்குடியேறியபோது எனக்கு ஒரு மண்வெட்டி கிடைத்தது. அலகு பாரம், பிடி கட்டை. குனிந்து கொத்தி நாரி நொந்தது. ஆண் துணை இல்லாத வீடு, என்னால் ஏலாது என்றே இரண்டு வருடம் நினைத்திருந்தேன். பிறகு பாரம் குறைந்த அலகு வாங்கி, நீளப் பிடி போட்டேன். அதே தோட்டம், அதே கைகள். கத்தரியும் மிளகாயும் வந்தன.

எல்லாக் கஷ்டமும் கருவியை மாற்றினால் தீராது. அது உங்களுக்கும் தெரியும். ஆனால் "எனக்கு ஏலாது" என்று சொல்லுமுன், கையில் இருப்பதை ஒருமுறை திருப்பிப் பாருங்கள். அது யாருடைய கைக்காகச் செய்தது?

அடுத்த மாதம் சந்திப்போம்.