பதிவெண் இல்லாத வண்டி: இழப்பீடு யாரிடம்?

தலைநகர் தில்லியில் உணவுப் பொட்டலங்களைச் சுமந்து ஓசையின்றி விரையும் மின்சார இருசக்கர வண்டிகள் பலவற்றில் பதிவெண் இருப்பதில்லை. பெரும்பாலும் அது சட்டமீறலும் அன்று. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, 250 வாட்டுக்குக் குறைவான திறனும் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைவான வேகமும் உடையதெனச் சோதனை நிறுவனம் சான்றளித்த மின்கல வண்டி, மோட்டார் வாகனமே அல்ல. ஆகவே பதிவு, ஓட்டுநர் உரிமம், காப்பீடு எதுவும் வேண்டாம்.

மிதிவண்டிக்கு நிகரானதை மிதிவண்டியாகவே நடத்துவது நியாயம்தான். விற்பனைக்குப் பின் வேகக் கட்டுப்பாட்டை நீக்கிவிட்டால் அந்த வண்டி விலக்கை இழக்கிறது. ஆனால், பார்வைக்கு இரண்டும் ஒன்றே; சாலையில் நிற்கும் காவலர் என்ன செய்வார்?

வண்டி மோதிக் கால் முறிந்த பாதசாரியின் நிலைதான் பரிதாபம். மூன்றாம் நபர் காப்பீட்டைக் கட்டாயமாக்கி, இழப்பீட்டுத் தீர்ப்பாயங்களுக்கும் வழிவகுத்த 1988-ஆம் ஆண்டுச் சட்டம் மோட்டார் வாகனங்களுக்கு மட்டுமே உரியது. விலக்கு பெற்ற வண்டி மோதினால் உரிமையியல் நீதிமன்றப் படியேற வேண்டும். பதிவெண்ணே இல்லாத வண்டியின் உரிமையாளரையும் அவரேதான் தேட வேண்டும்.

சாலையில் சோதனையிடுவது பிற இடங்களில் மாநிலங்களின் வேலை; தில்லியிலோ காவல்துறை மத்திய அரசின் கீழ் உள்ளது. விலக்கு அளித்ததும் மத்திய அரசே. உரிமம் கேட்டு ஏழைத் தொழிலாளியை அலைக்கழிக்கத் தேவையில்லை. வண்டியின் விலையிலேயே சிறு காப்பீட்டுத் தொகையைச் சேர்க்கவும், வேகத்தை மாற்ற இயலாத வடிவமைப்புக்குத் தயாரிப்பாளரைப் பொறுப்பாக்கவும் மத்திய அரசு முன்வர வேண்டும்.